மாலை ஐந்து மணிக்கு மேல்

ஏடிஹெச்டி என்கிற, கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறுக்கு மாத்திரை சாப்பிடுகிறாயே, எப்படி இருக்கிறது, நானும் டாக்டரைப் பார்க்கலாமா என்று நண்பன் கேட்டான். நான்கு வருடமாகச் சாப்பிடுகிறேன். ஒரு வரியில் சொல்ல வரவில்லை.

கண்டுபிடித்தபோது எனக்கு 38 வயது. இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது, பேச்சுதான். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். அம்மாவிடம் விசாரித்தேன். "சோத்துல கைய வச்சவன் பாதியில எழுந்து போயிடுவ, தேடிப் புடிச்சுக் கூட்டிட்டு வரணும்" என்றாள்.

மருந்து மெத்தில்ஃபெனிடேட். நாள் முழுக்க மெல்ல மெல்ல உடம்பில் கலக்கும் வகை. 18 மில்லிகிராமில் தொடங்கி, ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துப் பார்த்து 36க்கு வந்தோம். முதல் வாரத்தில் ஒருநாள் மனைவி ஏதோ சொல்லி முடித்தபோதுதான் உறைத்தது: அவள் பேச்சை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்டிருக்கிறேன். நடுவில் எங்கேயும் போய்விட்டு வரவில்லை. அன்று ராத்திரி அழுதேன்.

சரி, குறைக்கு வருகிறேன். காலை ஏழு மணிக்குப் போட்டால் மாலை ஐந்துக்கு மேல் மருந்தின் வேகம் இறங்கிவிடும். இறங்கும்போது பழைய நிலைக்கு மட்டும் போவதில்லை, அதற்கும் கீழே போகிறது. அலுப்பு, எரிச்சல், சத்தமே ஆகாது. மதியம் பசி தெரியாததால் சாப்பாட்டைத் தவறவிட்டிருந்தால் இன்னும் மோசம். நாலு மணிக்கு எதையாவது வயிற்றுக்குப் போட்டால் கொஞ்சம் தணியும். மதியத்துக்கு மேல் குறைந்த நேரமே வேலை செய்யும் சின்ன மாத்திரை ஒன்றையும் டாக்டர் சேர்த்துப் பார்த்தார். மாலை நன்றாகத்தான் போனது, ஆனால் ராத்திரி ஒரு மணிவரை தூக்கம் வரவில்லை. நிறுத்திவிட்டோம்.

என் நல்ல நேரமெல்லாம் ஆபீசுக்குப் போகிறது, வீட்டுக்கு மிச்சம்தான் வருகிறது. போன வாரம் மகள் பென்சில் டப்பா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அதற்குப் போய்க் கத்திவிட்டேன். நேற்று பள்ளிக்கூடக் கதை ஒன்றைச் சொல்ல வந்தவள் வாசலிலேயே நின்று கேட்டாள்: "இப்பச் சொல்லவா அப்பா, இல்ல காலையில நீங்க மாத்திரை போட்டப்புறம் சொல்லவா?"

டாக்டரைப் போய்ப் பார், தள்ளிப்போடாதே. எனக்கு 38 ஆனது போதும். மாத்திரையைப் பற்றி மட்டும் இன்றைக்கு என்னிடம் நல்ல வார்த்தை கேட்காதே.