பயர்பாக்ஸ் மெதுவானதா? நான்கு ஜிபி ரேமில் நீண்ட காலப் பயன்பாடு

பயர்பாக்ஸ் உலாவி மெதுவானது என்று சொல்பவர்களிடம் அதைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் பழைய பதிப்பு ஒன்றின் நினைவே பதிலாக வருகிறது. அந்த நினைவு பொய்யன்று. 2008-இல் வெளிவந்த கூகுளின் குரோம் உலாவி, தாவல்களைத் தனித்தனிச் செயல்முறைகளில் (அதாவது, தனித்தனி நிரல்கள் போல) இயக்கும் அமைப்புடனேயே வந்தது. பயர்பாக்ஸிலோ, 2016-இல் 48-ஆம் பதிப்பில் அத்தகைய பிரிப்பு தொடங்கும் வரை, ஒரு பக்கம் திணறினால் சாளரம் முழுவதும் உறைந்து நிற்கும். 2017 நவம்பரில் வந்த 57-ஆம் பதிப்பு, பக்கங்களின் தோற்றத்தைக் கணக்கிடும் வேலையை, ரஸ்ட் என்னும் நிரலாக்க மொழியில் எழுதப்பட்ட புதிய நிரலின் துணையால் செயலியின் பல கோர்களுக்கும் (ஒரே நேரத்தில் இயங்கும் கணக்கிடும் பகுதிகளுக்கும்) பகிர்ந்தளித்தது. உலாவி மாறிய பிறகும் பேச்சு மாறவில்லை. குரோம் ரேமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தை, விழுங்குகிறது என்ற பேச்சும் ஏறக்குறைய இதே வகைதான்.

என் மடிக்கணினியில் லினக்ஸும் 4 ஜிபி ரேமும் உள்ளன. இரண்டு உலாவிகளையும் பல ஆண்டுகளாக அருகருகே வைத்திருக்கிறேன். ஒப்பிடும்போது இரண்டிலும் பழைய அமைப்புகள் எதுவும் இல்லாத புதிய பயனர் சுயவிவரம் ஒன்றைத் தொடங்கி, நீட்சிகள் (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) இல்லாமல், அன்றாடம் திறக்கும் அதே பக்கங்களைத் திறக்கிறேன். உலாவி திறக்கும் நேரத்தை அளந்த காலத்தில், கணினியை மறுதொடக்கம் செய்தபின் முதன்முறை திறக்கும் நேரத்தை மட்டுமே கணக்கில் கொண்டேன். இரண்டாம் முறை கோப்புகள் ஏற்கெனவே நினைவகத்தில் இருப்பதால் எந்த மென்பொருளும் வேகமானதாகவே தோன்றும். நினைவகத்தை அளப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு: ஒவ்வொரு செயல்முறைக்கும் காட்டப்படும் அளவை அப்படியே கூட்டினால், அவை பகிர்ந்துகொள்ளும் பகுதி பலமுறை எண்ணப்பட்டு, உண்மையைவிடப் பெரிய தொகை கிடைக்கும். இணையத்தில் உலவும் ஒப்பீட்டுப் படங்களில் இதைக் கவனித்தவர்கள் குறைவு.

இவ்வாறு பார்த்தபோது செய்தித் தளங்களிலும் மின்னஞ்சலிலும் இரண்டுக்கும் இடையே என்னால் உணரக்கூடிய வேறுபாடு இல்லை. அன்றாடச் சுயவிவரத்தில் மட்டும் தென்பட்ட மந்தத்திற்கு விளம்பரத் தடுப்பு நீட்சி ஒன்றே காரணம்; அதை நீக்கியதும் மந்தம் மறைந்தது.

உலாவிகளின் வேகத்துக்கு மதிப்பெண் தரும் தரச்சோதனைகளையும் நான் ஒதுக்குவதில்லை, ஆனால் அவை எதை அளக்கின்றன என்று பார்க்கிறேன். ஆக்டேன் சோதனையை அதை உருவாக்கிய கூகுளே 2017-இல் கைவிட்டது, ஏனெனில் அதற்கென்றே செய்த மேம்படுத்தல்கள் உண்மையான தளங்களுக்குப் பயன்படவில்லை. 2024-இல் வந்த ஸ்பீடோமீட்டர் 3 பயனரின் செயலுக்குப் பக்கம் எவ்வளவு விரைவாகப் பதிலளிக்கிறது என்பதை அளக்கிறது, நினைவகத்தை அளப்பதில்லை. 4 ஜிபி கணினியில் எனக்கு முதலில் தீர்ந்துபோவதோ நினைவகம்தான். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பொருத்திய பிறகு முதல் திறப்பு நேரத்தின் வேறுபாடு மிகவும் சுருங்கிவிட்டதால், அந்த அளவீட்டை இப்போது செய்வதில்லை.