இனக்கவர்ச்சிப் பொறி: புழுவைக் கொல்லாது, நாளைச் சொல்லும்

தக்காளிக்கும் தட்டைப்பயறுக்கும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, பருவம் முழுக்கப் பார்த்த பிறகு, அந்துப்பூச்சியை வாசனை காட்டி இழுக்கும் இந்தப் புனல் பொறியைப் பற்றி எழுதுகிறேன். "பொறி வைத்தும் புழு குறையவில்லை" என்று திட்டுகிறவர்கள் உண்டு. "பொறி வைத்தால் மருந்தே வேண்டாம்" என்று விற்கிறவர்களும் உண்டு. இரு தரப்புமே இதைப் பூச்சி கொல்லும் சாமானாகப் பார்க்கிறார்கள். எனக்கு இது பட்டதோ மருந்தடிக்க வேண்டிய நாளைச் சொல்லும் கருவியாகத்தான்.

பொட்டலத்தைப் பிரித்தால் ஒரு பிளாஸ்டிக் புனல், அதன் மேல் மூடி, அடியில் மாட்டிக் கட்ட நீளமான பாலிதீன் பை. தனியாக ஒட்டிய உறையில் விரல் நுனி அளவு ரப்பர் துண்டு ஒன்று. கடையில் இதை லூர் என்பார்கள். சரக்கே இந்த லூர்தான், மற்றதெல்லாம் சட்டி பானை. பெண் அந்துப்பூச்சி விடும் வாசனையைப் போலச் செய்த வேதிப்பொருளை இதில் ஊற வைத்திருக்கிறார்கள். தக்காளியைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவுக்கு முக்கியமாக இரண்டு சேர்மங்கள், ஏறக்குறைய 97க்கு 3 என்ற விகிதத்தில். 1959இல் அடால்ஃப் பூட்டனான்ட் முதன்முதலாக ஒரு பூச்சியின் இனக்கவர்ச்சி வாசனையைப் பிரித்தெடுத்தபோது, சுமார் 5 லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து கிடைத்தது சில மில்லிகிராம்தான். பூச்சிக்கு அவ்வளவு துளி போதும். அதனால்தான் ஒரு லூரைத் தொட்ட கையோடு வேறு பூச்சிக்கான லூரைத் தொடக் கூடாது. இரண்டு வாசனையும் கலந்தால் இரண்டு பொறியுமே கெட்டுவிடும்.

வாசனைக்கு வருவது ஆண் பூச்சி மட்டும். மூடிக்கும் புனலுக்கும் நடுவே சுற்றிச் சுற்றிப் பறந்து, வழுக்கிப் பைக்குள் விழும், மேலே ஏற வராது. வெளியே மிஞ்சும் ஆண்களே எல்லாப் பெண்களுக்கும் போதும், ஒரே ஆண் பல பெண்களோடு சேரும். ஆகவே ஏக்கருக்கு நாலைந்து பொறியை நட்டுவிட்டுத் தூங்கப் போனால் காய் ஓட்டையாகத்தான் இருக்கும்.

பயன் வேறு இடத்தில் இருக்கிறது. காலையில் பையின் அடி முடிச்சை அவிழ்த்துத் தாளில் கொட்டிப் பாருங்கள். வெளிர்பழுப்பு முன்சிறகில் மங்கலான கறுப்புப் புள்ளி, வெளுத்த பின்சிறகின் ஓரத்தில் கறுத்த பட்டை இருந்தால் அது காய்ப்புழுவின் அந்துப்பூச்சி. முன்சிறகில் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, பின்சிறகு பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அது இலையைத் தின்னும் புரோடீனியா புழுவின் அந்துப்பூச்சி, அதற்கு லூரே வேறு. எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டே வந்தால், ஒன்றிரண்டாக விழுந்தது திடீரென்று கூடுவது கண்ணில் படும். அப்போது பெண் பூச்சிகள் முட்டையிடத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். வெயில் காலத்தில் முட்டை மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும். குஞ்சுப் புழு முதலில் இலையையும் பூவையும் சுரண்டும், அப்புறம்தான் காய்க்குள் தலையை விடும். உள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது. இந்த இடைவெளிக்குள், புழுவுக்கு நோய் உண்டாக்கும் என்பிவி வைரஸ் கரைசலோ பிடி என்கிற பாக்டீரியா மருந்தோ மாலையில் அடித்தால் நன்றாகக் கேட்கிறது. வெயிலில் அடித்தால் புற ஊதாக் கதிர் வைரஸை முடித்துவிடும். வைரஸ் பிடித்த புழு செடியின் உச்சிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கிச் சாகும். அதைப் பார்த்ததும் பொறி வாங்கிய காசு வந்துவிட்டது என்று தோன்றியது.

தட்டைப்பயறு விஷயத்தில் எனக்குக் கோபம்தான். பொட்டலத்தில் "காய்ப்புழுக்களுக்கு" என்று பொதுவாக அச்சடித்திருந்தார்கள். பூவையும் பிஞ்சையும் நூலால் பிணைத்து உள்ளே உட்கார்ந்து தின்னும் புள்ளிக் காய்ப்புழு வேறு இனம், இந்த லூரை அது எட்டிக்கூடப் பார்க்காது. தட்டைப்பயற்றில் அதுதான் பெரிய வில்லன். பிணைந்த பூக்கொத்தைப் பிரித்துப் பார்த்து, கையால் பறித்து அழிப்பதைத் தவிர அங்கே எனக்குப் பொறி எந்த உதவியும் செய்யவில்லை. கொண்டைக்கடலை, துவரை போடுகிறவர்களுக்கு இந்தக் குறை இவ்வளவு இருக்காது, அங்கே பச்சைக் காய்ப்புழு பெரும் பகை. அசுவினி, வெள்ளை ஈக்கு இது சம்பந்தமே இல்லை. அவற்றுக்கு மஞ்சள் ஒட்டு அட்டை, ஆனால் அதில் அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அளவோடு வைக்கலாம்.

பொருளின் தரத்துக்கு வருவோம். புனலும் மூடியும் உறுதி, வெயிலில் வெளுத்ததே தவிர விரிசல் விடவில்லை. பை மட்டமான சரக்கு. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கழுத்தில் கிழிகிறது, சாரல் உள்ளே இறங்கிப் பூச்சிகள் ஊறிக் கூழாகிவிடுகின்றன. கூழை எண்ண முடியாது. கெட்டியான பையை வெட்டி மாட்டி, அடியில் ஊசியால் இரண்டு ஓட்டை போட்டேன், தண்ணீர் வடிந்தது. எறும்பு குச்சி வழியாக ஏறி, சிறகை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். குச்சியில் கிரீஸ் தடவினால் நிற்கிறது. கரிச்சான் குருவி மூடி மேல் உட்காருவதை நான் விரட்டவில்லை, அது இலவச வேலையாள்.

பொறி, செடியின் உச்சிக்கு ஓர் அடி மேலே இருக்க வேண்டும். செடி வளர வளரப் பொறியையும் உயர்த்திக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தழைக்குள் மறைந்துவிடும். அதற்குத் தோதான கொக்கியைக் கம்பெனி கொடுக்கவில்லை. லூரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவதும் அவசியம். மாற்றாமல் விட்டால் பை காலியாகக் கிடக்கும், பூச்சியே இல்லை என்று நம்பிவிடுவோம். பழைய லூரை வரப்பில் வீசாமல் புதைத்துவிடுங்கள், அது இன்னும் கொஞ்சம் மணந்துகொண்டே இருக்கும்.

தக்காளிக்கு மறுபடி வாங்குவேன், புனலை அல்ல, லூரை மட்டும். உறையில் தயாரித்த தேதி இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கடைக்காரர் அதை ஃபிரிட்ஜில் வைத்திருந்தாரா, கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி வைத்திருந்தாரா என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.