பாஸ் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடல்: ரங்கூன்ல வாசிக்கிறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்க காலால மிதிக்கிற பெடல் இருக்கே, அதுல பாஸ் டிஎஸ்-1ங்கிற இந்த ஆரஞ்சுப் பெட்டியை வாங்கலாமான்னு நம்ம பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிடுறேன். வாங்கலாம், தாராளமா வாங்கலாம். ஆனா கடையில கேட்ட சத்தத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. கடைக்காரர் மூணு நாப்பையும் (குணத்துக்கு டோன், சத்த அளவுக்கு லெவல், கரகரப்புக்கு டிஸ்ட்) நடுவுல நிறுத்தி, பக்கத்துல கிடக்கிற சின்ன ஆம்ப்ல (கிடார் சத்தத்தைப் பெருசாக்குற ஸ்பீக்கர் பெட்டி) சொருகித்தான் காட்டுவாரு, டிஎஸ்-1 இருக்கிறதுலயே மோசமா கேக்குற இடம் அதுதான். அப்படிக் கேட்டுட்டு "என்னண்ணே இது, தேனீக்கூட்டைக் கலைச்ச மாதிரி இருக்கு"ன்னு திருப்பி வச்சிட்டுப் போனவங்க எத்தனையோ பேர்.

பாஸ்ங்கிறது ஜப்பான் ரோலண்ட் கம்பெனியோட பிராண்ட். டிஎஸ்-1 வந்தது 1978ல, இன்னிக்கும் புதுசு கிடைக்குது. நிர்வாணா ராக் பேண்டோட கர்ட் கோபெய்ன் இதை மிதிச்சிருக்காரு, ஜோ சாட்ரியானியும் ஸ்டீவ் வையும் மிதிச்சிருக்காங்க. ஒருத்தர் கரடுமுரடா கோர்ட் (பல சுரம் ஒண்ணா) அடிக்கிறவரு, மத்த ரெண்டு பேரும் வழவழன்னு லீட் (தனி மெலடி) வாசிக்கிறவங்க. அதே பெட்டி, அதே மூணு நாப்பு. அப்போ விஷயம் பெட்டியில மட்டும் இல்லை, நாப்பு எங்க நிக்குது, எந்த ஆம்ப்ல போய் விழுதுங்கிறதுலதான் இருக்குன்னு புரியுதுல்ல.

நான் வாசிக்கிறது நம்ம தமிழ்க் கல்யாண வீடு, கோயில் திருவிழா மேடை, நடுவுல பர்மாக்கார நண்பர்களோட ஸ்டூடியோவுல மணிக்கணக்குக்கு வாடகை குடுத்து ராக். இங்க வளர்ந்த எவனுக்கும் பர்மா ராக் பேண்ட் அயர்ன் கிராஸ் பாட்டு காதுல ஏறாம இருக்காது, அதோட கிடாரிஸ்ட் சிட் சான் மாங் கிடாரைக் கேட்டுட்டுத்தான் பாதிப் பேர் கிடாரையே தூக்குனது. அதனால ஒரே ராத்திரியில சினிமாப் பாட்டோட மெலடி லீடும் வேணும், பவர் கோர்ட் (ரெண்டு சுரம் மட்டும் சேர்ந்த கோர்ட்) போட்டு இடிக்கிற சத்தமும் வேணும். இந்தத் தேவையை வச்சுத்தான் இந்த ரிவ்யூ, வீட்ல ஹெட்போன்ல மட்டும் வாசிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு சுருக்கமா சொல்லிடுறேன், அது தெரிஞ்சா நாப்பு திருப்புறது தானா வரும். கிடார் சிக்னலை முதல்ல ஒரு டிரான்சிஸ்டர் தூக்கி விடுது, அடுத்து ஒரு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்குற சிப்) இன்னும் தூக்குது, அப்புறம் ரெண்டு சிலிக்கான் டயோடு நின்னுக்கிட்டு அலையோட உச்சியைச் சட்டுன்னு வெட்டுது. ட்யூப் ஸ்க்ரீமர் மாதிரி ஓவர்டிரைவ் (லேசான கரகரப்பு) பெடல்ல இந்த வெட்டு ஆப்-ஆம்ப்போட ஃபீட்பேக்குக்குள்ளயே (வெளிய வந்த சிக்னல் திரும்பி உள்ள போற வழி) நடக்கும், அதனால கொஞ்சம் மிருதுவா வரும், டிஎஸ்-1ல ஆப்-ஆம்ப்பை விட்டு வெளிய வந்தப்புறம் வெட்டுறதால சத்தம் கறாரா, பல்லு பல்லா வரும். அதுக்கப்புறம்தான் டோன் நாப். இங்கதான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுறது. இந்த டோன் நாப்புல ஒரு பக்கம் பேஸ் (அடிச் சத்தம்) வழி, இன்னொரு பக்கம் ட்ரெபிள் (கீச்சுச் சத்தம்) வழி, நாப்பு நடுவுல இருந்தா ரெண்டும் பாதிப் பாதி கலந்து வரும், அப்போ மிட் (நடுச் சத்தம்) பள்ளமாப் போயிடும். கிடாரோட உயிரே மிட்லதான் இருக்கு. ட்ரம்மும் பேஸ் கிடாரும் கீபோர்டும் சேர்ந்து அடிக்கும்போது நீங்க எவ்வளவு சத்தமா வச்சாலும் காணாமப் போறீங்கன்னா காரணம் அந்தப் பள்ளம்தான்.

சரி, செட் பண்றது. கடிகார முள்ளு மாதிரி வச்சுச் சொல்றேன், நடு உச்சி 12 மணி. டிஸ்ட் நாப்பை முழுசாக் குறைச்சுட்டு ஆரம்பிங்க, டோனை 9 மணிக்கு வைங்க, பெடல் ஆன் பண்ணாலும் ஆஃப் பண்ணாலும் ஒரே அளவு சத்தம் வர்ற வரைக்கும் லெவலைத் திருப்புங்க. இந்தக் கடைசி வேலையை ஒருத்தரும் செய்யறதில்லை, ஆனா அதுதான் முக்கியம், ஏன்னா சத்தம் கூடுனாலே நம்ம காது அதை நல்ல சத்தம்னு எடுத்துக்கும், அப்புறம் எந்த நாப்பு என்ன பண்ணுதுன்னே பிடிபடாது. இப்போ தடிமனான ரெண்டு கம்பியில ஒரு பவர் கோர்ட் அடிச்சு உள்ளங்கையால அமுக்கி வாசிங்க, டிஸ்ட்டை மெதுவா ஏத்துங்க. ஒரு இடத்துல அந்த 'ஜுக் ஜுக்' கனமா, ஆனா ஒவ்வொரு அடியும் தனித்தனியா கேக்கும். என் ஹம்பக்கர் (கம்பி அதிர்வைப் பிடிக்கிற ரெட்டைச் சுருள்) கிடாருக்கு அது 10 மணிப் பக்கம் வருது, சிங்கிள் காயில்னா (ஒத்தைச் சுருள்) இன்னும் கொஞ்சம் ஏத்தணும். அதுக்கு மேல போனா அடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், இரைச்சல் ஏறும், வேற ஒண்ணும் கூடாது. அங்கயே நிறுத்திக்கங்க. டோனை 9லருந்து 10க்குள்ளயே வச்சு நுனியால திருப்புங்க, ஒரு சின்னத் திருப்பல்லயே குணம் மாறும்.

இன்னொரு விஷயம், சினிமாப் பாட்டுல மைனர் செவன்த், மேஜர் செவன்த்னு நாலு சுரக் கோர்ட் வந்துக்கிட்டே இருக்கும், அதை ஆறு கம்பியிலயும் அடிச்சு டிஸ்டார்ஷன் போட்டா கூழாத்தான் வரும். ஒவ்வொரு சுரமும் இன்னொண்ணோட மோதி புதுப்புது சுரமாக் கிளம்பும், பவர் கோர்ட்ல அது ஒத்துப் போகும், செவன்த்ல ஒத்துப் போகாது. அங்க ரெண்டு கம்பி மட்டும் வாசிங்க, இல்லேன்னா கிடார் வால்யூமை 6க்கு இறக்குங்க, டிஎஸ்-1 ஓரளவுக்குத் தெளிஞ்சிடும். மேடையில குனிஞ்சு பெடலைத் தேடுறதை விட சுண்டு விரலால வால்யூம் திருப்பப் பழகுறது ரொம்ப உபயோகம், இதைப் பழகிக்கங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன்.

வீட்ல ராத்திரி சின்ன சத்தத்துல செட் பண்ணதை அப்படியே ஸ்டூடியோவுக்குக் கொண்டு போகாதீங்க. சின்ன சத்தத்துல காதுக்கு பேஸும் ட்ரெபிளும் கம்மியாத்தான் கேக்கும், அதனால ரெண்டையும் ஏத்தி வச்சிருப்போம், பெரிய சத்தத்துல அதே செட்டிங் காதைக் கிழிக்கும். வாசிக்கப் போற சத்தத்துல, ட்ரம்மர் அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே செட் பண்ணுங்க. தனியாக் கேட்டா "மிட் ஜாஸ்தியா இருக்கே"ன்னு தோணுற சத்தம்தான் பேண்டோட சேரும்போது சரியா உக்காரும்.

ஆம்ப் விஷயம். ஸ்டூடியோவுல ரோலண்ட் ஜாஸ் கோரஸ் மாதிரி சுத்தமான டிரான்சிஸ்டர் ஆம்ப் இருந்தா உஷாரா இருங்க, அது உள்ள வர்றதை அப்படியே பளிச்சுன்னு வெளிய விடும், டிஎஸ்-1ஓட மேல் சுருதி எரிச்சல் முழுசா வரும். ஆம்ப்ல ட்ரெபிளைக் குறைச்சு, மிட்டை ஏத்தி, பெடல் டோனை 8 மணிக்கே இறக்கிடுங்க. ஆம்ப்ல கெயின் சேனல் (ஆம்ப்பே கரகரப்பாக்குற வழி) இருந்தா அதுதான் டிஎஸ்-1க்குப் புகுந்த வீடு: ஆம்ப்பை, சத்தம் கொஞ்சமா உடையுற அளவுக்கு வச்சுட்டு, பெடல்ல டிஸ்ட் கிட்டத்தட்ட சைபர், லெவல் 2 மணி. அப்போ பெடல் ஆம்ப்பைப் பிடிச்சுத் தள்ளுது, லீட் வாசிக்கும்போது சுரம் நின்னு பாடுது. இந்தப் பெட்டி குடுக்குறதுலயே அழகான சத்தம் இதுதான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

இப்போ நம்ம கோயில் மேடை. அங்க ஆம்ப்பே இருக்காது, மைக் செட் தம்பி ஒரு ஒயரை நீட்டி "அண்ணே இதுல சொருகுங்க, நேரா மிக்சருக்குப் போகுது"ம்பான். இந்த இடத்துல எந்த டிஸ்டார்ஷன் பெடலும் தோத்துப் போகும், டிஎஸ்-1 மட்டும் இல்லை. கிடார் ஆம்ப்போட ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்சுக்கு மேல பெருசா எதையும் வெளிய விடாது, டயோடு வெட்டுன கூர்மையை அதுதான் வடிகட்டுது. மிக்சர்லருந்து நேரா கோயில் ஸ்பீக்கர்ல போனா அந்த வடிகட்டி இல்லை, ஈசல் பறக்குற மாதிரி 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம் பாட்டு மேலயே உக்காந்துக்கும். கிடார் ஸ்பீக்கர் மாதிரியே வடிகட்டுற கேபினெட் சிமுலேட்டர்னு சின்னப் பெட்டி கிடைக்குது, டிஎஸ்-1க்கு அப்புறம் அதைப் போட்டா முக்கால்வாசி பிரச்சனை தீரும். அது இல்லேன்னா டோனை முழுசா இறக்கிட்டு, மிக்சர்ல நம்ம சேனலோட ஹை நாப்பை நல்லாக் குறைக்கச் சொல்லுங்க. அதை விட நல்லது சின்ன ஆம்ப் ஒண்ணைக் கொண்டு போய் அது முன்னாடி மைக்கை வைக்கிறது, சுமக்க அலுப்புப் படாதீங்க.

கரண்ட்டைப் பத்திப் பேசாம ரங்கூன்ல எந்த எலக்ட்ரிக் சாமான் ரிவ்யூவும் முடியாது. லைன் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாத்துனதும், இல்லை மலிவான இன்வெர்ட்டர்ல ஓடும்போதும், பெடல் அடாப்டர் வழியா ஒரு கிர்ர்ர் ஏறும், டிஸ்டார்ஷன் அதையும் சேர்த்துத்தான் பெருசாக்கும். டவுன் பக்கம் பழைய கட்டடத்துல பாதி பிளக்குக்கு எர்த்தே கிடையாது, கிடார் கம்பியில கை வச்சா இரைச்சல் உம்முன்னு அடங்கும், எடுத்தா மறுபடி கிளம்பும். எனக்குப் பிடிச்ச வழி 9 வோல்ட் பேட்டரி. டிஎஸ்-1 ரொம்பக் கம்மியாத்தான் கரண்ட் இழுக்கும், ஒரு நல்ல ஆல்கலைன் பேட்டரி நிறைய ராத்திரிக்குத் தாங்கும். தெயின்ஜி ஜே சந்தையில கிடைக்கிற மலிவுப் பேட்டரி சீக்கிரம் செத்துரும், கச்சேரிக்கு அதை நம்பாதீங்க. முன்னாடி இருக்கிற திருகைக் கையாலயே சுத்தி மிதிக்கிற பலகையைத் தூக்குனா பேட்டரி இடம், இருட்டுலயும் மாத்திடலாம். வாசிச்சு முடிச்சதும் இன்புட்ல இருக்கிற ஒயரைக் கண்டிப்பா உருவிடுங்க, அது சொருகி இருக்கிற வரைக்கும் லைட் அணைஞ்சிருந்தாலும் பேட்டரி கரைஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

அடாப்டர் போடுறதா இருந்தா 9 வோல்ட் டிசி, நடு முள்ளு நெகட்டிவ். இதைப் பாத்து வாங்குங்க. எனக்கு ஒரு கடையில "எல்லாத்துக்கும் செட் ஆகும்"னு குடுத்தது நடு முள்ளு பாசிட்டிவ், மேல ஒட்டியிருந்த படத்தைப் பாத்ததால தப்பிச்சேன், திருப்பிக் குடுக்கப் போனா மாத்தித் தரவே மாட்டேன்னுட்டாங்க.

வேற பெடல் பாக்குறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. 1991ல வந்த பாஸ் மெட்டல் சோன், அதுல மிட்டை எந்த இடத்துல ஏத்தணும் இறக்கணும்னு 200லருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும் நகர்த்தலாம், ஈக்யூ (பேஸ், மிட், ட்ரெபிள் ஏத்தி இறக்குறது) ரொம்ப பலமானது, பொறுமை இருக்கிறவங்க கையில அருமையா பேசும், ஆனா மிட்டை முழுசா இறக்கி வச்சு வாசிக்கிறவங்க தயவுசெஞ்சு வேண்டாம். ராட்ங்கிற பெடல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், டிஎஸ்-1ஐ விடத் தடிமனான சத்தம், அதுல ஃபில்டர் நாப் மட்டும் தலைகீழ், ஏத்துனா ட்ரெபிள் குறையும். சினிமா மெலடி லீடுக்கு மட்டும்தான் வேணும்னா ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஒண்ணு போதும், மிட் தானா முன்னுக்கு வரும், சைனா காப்பிகளே நல்லாத்தான் இருக்கு. ஸ்வீடன் டெத் மெட்டல் சத்தம் கேக்குற பையனுக்கு இது எதுவும் வேண்டாம், அவனுக்கு பாஸ் எச்எம்-2 பெடல் வகைதான்.

செகண்ட் ஹேண்ட் டிஎஸ்-1 வாங்குறது நல்ல யோசனை, இது லேசுல உடையுற பெட்டி இல்லை. போகும்போது உங்க கிடாரையும் ஒயரையும் கொண்டு போங்க. மூணு நாப்பையும் ஒரு முனையிலருந்து மறுமுனை வரைக்கும் மெதுவாத் திருப்பிப் பாருங்க, கரகரன்னா ஸ்ப்ரே அடிச்சாப் போயிடும், அதுக்காக விலை குறைக்கக் கேளுங்க. சுவிட்சை மெதுவா மிதிங்க, சில நேரம் பிடிச்சு சில நேரம் பிடிக்கலேன்னா விட்டுடுங்க. ரொம்பப் பழைய பீஸ்னா அடாப்டர் துளைக்குப் பக்கத்துல ஏசிஏன்னு (பழைய வகை அடாப்டர்) போட்டிருக்கும், அதுல இப்போ வர்ற 9 வோல்ட் அடாப்டர் தனியா சொருகுனா லைட் மங்கலா எரியும், பெடல் கெட்டுப் போச்சுன்னு பயப்படாதீங்க, பேட்டரி போட்டுப் பாத்தா பளிச்சுன்னு எரியும். பேட்டரி இடத்துல பச்சையா துரு பூத்திருந்தா மட்டும் உள்ள போர்டையும் திறந்து காட்டச் சொல்லிட்டு அப்புறம் விலை பேசுங்க.