குரங்கணி போக 13,500 ரூபாய் கட்டினோம், செக்போஸ்ட்டோடு திரும்பினோம்

நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தேன். ஆத்திரம் அடங்கும் முன் எழுதிவிடுகிறேன்.

தேனி மாவட்டம் குரங்கணியில் ஏறி, காட்டு வழியே மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷன் பாறை விளிம்பில் போய் நிற்க வேண்டும். நானும் சித்தப்பா பையன்கள் இரண்டு பேரும் மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருந்த விஷயம் இது. அந்தக் காலத்தில் மூணாறு தேயிலையை மேலேயிருந்து ரோப்வேயில் இறக்கிய மலை அது.

ரீல்ஸ் போட்டு ஆள் பிடிக்கும் ஒரு ட்ரெக்கிங் பக்கத்தில் தலைக்கு 4,500 என்று பார்த்தோம். 2018 மார்ச்சில் அங்கே காட்டுத் தீயில் 20 பேருக்கு மேல் இறந்தது நினைவில் இருந்ததால், முதல் கேள்வியே அனுமதி பற்றித்தான் கேட்டேன். அந்த ஆள் சளைக்கவில்லை. "அண்ணா, அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் பர்மிட் இல்லாம நாங்க ஒரு ஆளைக்கூட ஏத்துறதில்ல" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டான். செத்தவர்களைச் சொல்லி நம்ப வைத்திருக்கிறான் பாருங்கள். அங்கேதான் விழுந்தேன். பத்து நிமிடத்தில் முத்திரையோடு ஒரு பிடிஎஃப் வந்தது. 13,500 ரூபாயும் யுபிஐயில் போய்விட்டது.

சனிக்கிழமை விடியற்காலை போடியிலிருந்து ஜீப். அதற்குத் தனியாக எங்கள் காசு. வழிகாட்டி செக்போஸ்ட்டில் நிற்பார் என்றார்கள், ஒருவரும் இல்லை. அங்கிருந்த வனக்காவலர் என் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "தம்பி, தேதியை மட்டும் வேற எழுத்துல மாத்தியிருக்கான், பாருங்க." பார்த்தேன். "14" மட்டும் பக்கத்து எழுத்துகளைவிடக் கொஞ்சம் தடிப்பாக, ஒரு மயிரிழை கீழே இறங்கி நின்றது. மூன்று வாரம் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தும் என் கண்ணில் படவில்லை. அவர் மேல் தப்பே இல்லை, தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

போன் போட்டால் முதலில் "சிக்னல் கட் ஆகுதுண்ணா". அப்புறம் "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்". சாயங்காலம் "ரீஃபண்ட் பாலிசி கிடையாது, அடுத்த ட்ரிப்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்". 13,500 ரூபாயை எதில் அட்ஜஸ்ட் செய்வது? கேட்டதும் பிளாக்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. வனத்துறையே 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளுக்கு ஆன்லைன் முன்பதிவு தொடங்கியிருக்கிறது, அதில் பாருங்கள். தனியார் பர்மிட் அனுப்பினால், பணம் கட்டும் முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடியுங்கள். நான் ஒரு நாள் தாமதித்துத்தான் அடித்தேன்.

இன்று காலை தம்பி போனில் அதே பக்கத்தைப் பார்த்தோம். காட்டுத் தீ பயத்தில் மலையேற்றத்தை நிறுத்திவைக்கும் மார்ச் மாதத்துக்கு, அதே பாறைப் படத்தைப் போட்டு விற்கிறார்கள். இன்னும் 6 இடம்தான் பாக்கியாம்.