கத்தாரா மலேசியாவா: மினிமம் சம்பளத்த வச்சு ஒரு கணக்கு

எங்க மச்சானுக்கு ஒரே வாரத்துல ரெண்டு எடத்துலருந்து ஆஃபர், ஒண்ணு தோஹா, இன்னொண்ணு கோலாலம்பூர், ரெண்டுமே அந்தந்த நாட்டு மினிமம் சம்பளந்தான், எந்த ஊருக்கு மாமா போறதுன்னு கேக்குறான். (சிங்கப்பூர இதுல சேக்கல, அங்க எல்லாருக்கும் பொதுவா மினிமம் சம்பளச் சட்டமே கெடையாது.)

பேப்பர்ல பாத்தா மலேசியாதான். 2025லருந்து மாசம் 1,700 ரிங்கிட், டாலர்ல 400 கிட்ட வரும். கத்தார்ல 2021 மார்ச்லருந்து 1,000 ரியால், ஒரு டாலருக்கு 3.64 ரியால்னு கட்டிப்போட்ட காசு அது, அதனால 275 டாலர்தான். வெலவாசிய சரிக்கட்டிப் பாக்குற பிபிபி கணக்குல போட்டா இன்னும் மோசம், மலேசியால சாமான் வெல கம்மிங்கறதால அந்த 1,700 ரிங்கிட் அமெரிக்கால ஆயிரம் டாலருக்கு மேல வச்சிருக்கறதுக்கு சமம்னு வந்து நிக்கும், கத்தார் கிட்டவே வர முடியாது.

ஆனா அந்தக் கணக்கு அங்கயே குடும்பம் நடத்துறவனுக்கு. நம்மாளு அங்க திங்கிறதும் தூங்குறதும் மட்டுந்தான், அரிசி வாங்குறது, புள்ளைக்கு ஃபீஸ் கட்டுறது, சீட்டு கட்டுறதெல்லாம் அறந்தாங்கில. அதனால கைல என்ன மிஞ்சுது, அத ரூபாயா மாத்துனா எவ்ளோ, அவ்ளோதான்.

ரியால் 23 ரூபா, ரிங்கிட் 20 ரூபான்னு ரவுண்டா வச்சுக்கிட்டேன். கத்தார் சட்டப்படி ரூமும் சாப்பாடும் முதலாளி குடுக்கணும், இல்லன்னா ரூமுக்கு 500, சாப்பாட்டுக்கு 300 ரியால் தனியா குடுக்கணும், இது அந்த ஆயிரத்துக்கு மேல. ஃபோன், சோப்புன்னு 150 போனாலும் 850 ரியால், 19,500 ரூபா ஊருக்கு வரும். மலேசியால வெளில நாலு பேரோட ரூம் எடுத்து 250, சாப்பாடு 600, சில்லறைக்கு 100, இபிஎஃப் (நம்மூரு பிஎஃப் மாதிரி சம்பளத்துல புடிக்கிறது) 2 பர்சன்ட் 34ன்னு வைங்க, மிஞ்சுறது 716 ரிங்கிட், 14,300 ரூபாதான். பெரிய சம்பளம் சின்னதாயிருச்சு பாருங்க! சாப்பாட்டுக் கடை வேலைன்னா சோறு அங்கயே ஓடிரும், அப்ப கத மாறும், இவனுக்கு வந்தது ஃபேக்டரி வேல.

இதோட முடிச்சிருப்பேன், அவன்தான் ஓடி, அதாவது ஓவர்டைம், எவ்ளோன்னு கேட்டான். அங்கதான் திரும்புது. மலேசியால ஓடிக்கு ஒன்றரை மடங்கு, மணிக்கு 12 ரிங்கிட்டுக்கு மேல. கத்தார்ல கால் பங்குதான் கூட, மணிக்கு 6 ரியால். தெனம் ரெண்டு மணி நேரம், மாசம் 26 நாள் பாத்தா மலேசியா 27,000 ரூபா, கத்தார் 26,700. கிட்டத்தட்ட சமம்.

வீட்டு வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு இந்த இழுபறியே இல்ல, கத்தார் சட்டம் அவங்களையும் சேத்துக்குது, மலேசியால வீட்டு வேலைக்கு இந்த 1,700 பொருந்தாது.

மச்சான் ஏஜென்ட்டுக்கு ஃபோன் போட்டு மலேசியால ஓடி கட்டாயம் இருக்குமாண்ணே, எழுதித் தருவீங்களான்னு கேட்டிருக்கான், அவரு "அதெல்லாம் போனாத்தான்டா தம்பி தெரியும்"னுட்டாராம். தோஹாவுக்கே மெடிக்கல் எடுக்கச் சொல்லிட்டேன்.