ரோத்தன்பர்க் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்: 236 யூரோ போய்விட்டது

சனிக்கிழமை நடந்தது. இன்று திங்கள். இரண்டு இரவாகச் சரியான தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் நானே "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். அப்படி விட்டுவிடுகிறவர்களை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். நடந்ததை முழுசாகச் சொல்லிவிட்டு, கடைசியில் அங்கே எப்படிப் போவது, எதைப் பார்ப்பது, எதற்குப் பணம் கொடுப்பது என்று விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், நியூரம்பெர்க்கில். அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து இரண்டு மாதம் தங்க வந்திருக்கிறார்கள். அப்பா முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு எடுத்தவர். பழைய கல் ஒன்றைப் பார்த்தால் போதும், தொட்டுப் பார்த்து, யார் வைத்தது, எப்போது வைத்தது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சுவரும் கோபுரங்களும் வாசல்களுமாக நடுக்கால நகரம் அப்படியே நிற்கும் இடம் ரோத்தன்பர்க். இங்கிருந்து ஆன்ஸ்பாக், ஷ்டைனாக் என்று இரண்டு இடத்தில் ரயில் மாறினால் போய்விடலாம். அப்பாவை அங்கே கூட்டிப்போகாமல் ஊருக்கு அனுப்பக் கூடாது என்று போன வருடமே முடிவு செய்திருந்தேன்.

சும்மா சுற்றிக் காட்டினால் அவருக்குப் போதாது, கேள்வி கேட்க ஆள் வேண்டும். அதனால் கைடு தேடினேன். சுற்றுலா டிக்கெட்டும் கைடும் ஏற்பாடு செய்து தரும் ஓர் இணையதளம். பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு வழிக்கு வரட்டும். அந்தத் தளத்தில் "ரோத்தன்பர்க் பழைய நகரம், தனிக் குழு, 3 மணி நேரம்" என்று ஒரு பேக்கேஜ். தலைக்கு 59 யூரோ. அதில் கைடு, நகரச் சுவரில் நடக்க அனுமதி, இரவுக் காவலர் நடைக்கு (பழைய காலக் காவலர் வேடத்தில் ஒருவர் இரவில் ஊரைச் சுற்றிக் காட்டுவது) முன்பதிவு எல்லாம் அடக்கம் என்று போட்டிருந்தது. மொழிகளின் பட்டியலைக் கீழே இழுத்துப் பார்த்தேன். ஆங்கிலம், ஸ்பானிஷ், இந்தி, அப்புறம் தமிழ்.

அந்த ஒரு சொல்தான் என்னை விழவைத்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும், ஆனால் இங்குள்ளவர்கள் வேகமாகப் பேசினால் பாதி போய்விடும். மறுபடி கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுவார். தமிழில் ஒருவர் விளக்குகிறார் என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். சாட்டில் கேட்டேன், உண்மையிலேயே தமிழ் தெரிந்தவரா என்று. "ஆமாம், பத்து வருடமாக அந்த ஊரிலேயே இருக்கிறார், உங்கள் பெற்றோரைத் தன் பெற்றோர் போலப் பார்த்துக்கொள்வார்" என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எழுதினேன். "கவலை வேண்டாம், அவருக்கு உட்கார இடம் பார்த்து வைக்கிறோம்" என்றார்கள். ஒரு மனுஷர் இப்படி எழுதும்போது சந்தேகம் எங்கே வரும்?

கார்டு போட்டேன், இரண்டு முறையும் போகவில்லை. உடனே சாட்டில், "இன்று கார்டு சேவையில் கோளாறு, வங்கியிலிருந்து நேரடியாக உடனடி டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள், இன்னும் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது" என்றார்கள். இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். 2025 அக்டோபரிலிருந்து யூரோ நாடுகளில் வங்கிகள் பணத்தை அனுப்பும் முன்பே பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். என் வங்கியும் சொன்னது. செயலியில் சிவப்பு எழுத்தில், நீங்கள் கொடுத்த பெயர் இந்தக் கணக்கின் பெயரோடு பொருந்தவில்லை என்று வந்தது. நான் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவர்களிடமே கேட்டேன்! "அது எங்கள் கணக்குகளைப் பார்க்கும் பங்குதாரரின் பெயர், வழக்கமானதுதான்" என்று ஒரு நிமிடத்தில் பதில். தொடரவும் என்பதை அழுத்தினேன். நாலு பேருக்கும் சேர்த்து 236 யூரோ போனது. நம் பணத்தில் இருபத்துநாலாயிரம் ரூபாய்க்கு மேல்.

அப்பா ஒரு வாரமாகத் தயாரானார். வரும்போது கொண்டுவந்த பழைய டைரியில் பச்சை மையில் கேள்விகளை எழுதினார், எண் போட்டு, பதினான்கு. சுவர் முழுக்கப் பழையதா, திரும்பக் கட்டியதா? ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இரவில் வாசலைச் சாத்திய பிறகு வந்தவர் எங்கே படுத்தார்? ரயிலிலும் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வந்தார்.

சந்திக்கும் இடம் சந்தைத் திடலில், உச்சியில் ஜார்ஜ் புனிதர் டிராகனைக் குத்தும் நீரூற்று. பத்து மணிக்கு. நாங்கள் ஒன்பதே முக்காலுக்கே நின்றோம். திடலின் ஒரு பக்கத்தில் நகர மன்றத்தார் கூடிக் குடித்த பழைய கட்டடம் இருக்கிறது, அதன் கடிகாரத்துக்கு இரண்டு பக்கமும் சன்னல்கள். பத்து அடித்ததும் திறந்தன. ஒரு சன்னலில் தளபதி டிலியின் பொம்மை, இன்னொன்றில் மேயர் நூஷின் பொம்மை. 1631இல் ஊரைப் பிடித்த தளபதியிடம், மூன்றேகால் லிட்டர் ஒயினை ஒரே மூச்சில் குடித்துக் காட்டி மேயர் ஊரைக் காப்பாற்றினார் என்பது அவர்கள் சொல்லும் கதை. மேயர் பொம்மை குவளையை மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனது. அப்பா குழந்தை மாதிரி சிரித்தார். "கைடு வந்ததும் இது நிஜமாக நடந்ததான்னு முதல்ல கேக்கணும்" என்று டைரியில் பதினைந்தாவதாக எழுதினார்.

யாரும் வரவில்லை. பத்து இருபதுக்குச் சாட்டில் எழுதினேன். "வந்துகொண்டிருக்கிறார், ஐந்து நிமிடம்." பத்து ஐம்பதுக்கு எழுதினேன். "அவர் நீரூற்றருகில்தான் நிற்கிறார், நீங்கள் வேறு நீரூற்றில் இருக்கிறீர்கள்." என் வீட்டுக்காரர் ஹெர்ன்காசே தெருவில் இன்னொரு நீரூற்று இருக்கிறது என்று அங்கே ஓடினார். அங்கேயும் ஆள் இல்லை. பதினொன்று அடித்தது. அதே சன்னல், அதே குவளை. இந்த முறை அப்பா மேலே பார்க்கவில்லை. டைரியை மூடிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, போகிற வருகிற கைடுகளின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒருவேளை இவராக இருக்குமோ என்று. அம்மா நீரூற்றின் விளிம்பில் சாய்ந்தபடி ஒன்றரை மணி நேரம் நின்றார். உட்கார இடம் பார்த்து வைத்த லட்சணம் இது.

பதினொன்றரைக்குத் திடலிலேயே இருக்கும் நகரச் சுற்றுலா அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி என் வவுச்சரை வாங்கிப் படித்துவிட்டு, என்னைப் பார்த்து, மறுபடி அதைப் படித்தார். நகரச் சுவரில் நடக்க டிக்கெட் என்று ஒன்று கிடையவே கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறி நடக்கலாம் என்றார். இரவுக் காவலர் நடைக்கும் முன்பதிவு இல்லை, எட்டு மணிக்குத் திடலுக்கு வந்து சேர்ந்துகொண்டு முடிவில் கையில் பணம் கொடுக்க வேண்டியதுதான் என்றார். ஆக, இலவசமாக இருப்பதற்கும் முன்கூட்டி விற்கவே முடியாததற்கும் சேர்த்து என்னிடம் 236 யூரோ வாங்கியிருக்கிறார்கள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

"விடும்மா, ஊரு எங்கயும் போயிடல, நாமளே பாப்போம்" என்றார் அப்பா.

நாங்களே பார்த்தோம். அம்மாவைக் கீழே ஒரு பெஞ்சில் என் வீட்டுக்காரரோடு உட்காரவைத்துவிட்டு, நானும் அப்பாவும் ரோடர் வாசல் பக்கம் கல் படியேறிச் சுவரில் நடந்தோம். மேலே மரக்கூரை, ஒரு பக்கம் கல், மறுபக்கம் ஓட்டுக் கூரைகளும் கொல்லைத் தோட்டங்களும். சில இடத்தில் எதிரே ஆள் வந்தால் உடம்பைத் திருப்பித்தான் நிற்க வேண்டும். உள்பக்கச் சுவரில் சின்னச் சின்னக் கற்பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஓர் ஊர், இத்தனை மீட்டர் என்று ஓர் எண். 1945 மார்ச் 31 அன்று குண்டு போட்டதில் நகரின் கிழக்குப் பகுதி எரிந்து, சுவரும் பல நூறு மீட்டர் இடிந்தது. அதைத் திரும்பக் கட்ட உலகம் முழுக்க இருந்து பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. ஜப்பான் பெயர்கள் நிறைய. அப்பா டைரியை எடுத்து முதல் கேள்விக்கு எதிரே டிக் போட்டார். நம் கோவிலில் உபயம் எழுதியிருக்கிற மாதிரியே இருக்கிறது என்று விரலால் ஒரு பெயரைத் தடவினார்.

யாக்கோபு தேவாலயத்தில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். மாடியில் டில்மன் ரீமன்ஷ்னைடர் 1500களின் தொடக்கத்தில் லிண்டன் மரத்தில் செதுக்கிய பலிபீடம். சாயம் எதுவும் பூசாத மரம், பின்னால் இருக்கும் சன்னலிலிருந்து உருவங்களுக்கு நடுவே வெளிச்சம் விழுகிறது. கடைசி விருந்துக் காட்சி. அதில் நட்டநடுவே நிற்பது இயேசு இல்லை, யூதாஸ். கையில் பணப்பையை இறுக்கிப் பிடித்திருக்கிறான். விரல் மடிப்புகூடத் தெரிகிறது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் இவனை நடுவில் வைத்தார் என்று அப்பா கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தானே ஆளுக்குப் பணம் கட்டினேன்!

நடுக்காலக் குற்றவியல் அருங்காட்சியகத்தின் வெளியே ஒரு கூண்டு தொங்குகிறது. எடை குறைத்து ரொட்டி விற்ற பேக்கரிக்காரனை அதில் அடைத்து, ஊர் பார்க்கத் தண்ணீரில் முக்கி எடுப்பார்களாம். எனக்கு அந்தத் தண்டனை ஒன்றும் அதிகமாகத் தெரியவில்லை.

இரவு எட்டு மணிக்குக் கறுப்பு அங்கியும் ஈட்டிக்கோடரியும் லாந்தருமாகக் காவலர் வந்தார். அப்பாவும் நானும் போனோம், முடிவில் கையில் பணம் கொடுத்தோம். நன்றாகப் பேசினார், ஆனால் ஆங்கிலம், பெரிய கூட்டம். வாசல் சாத்திய பிறகு வந்தவரைப் பற்றி அப்பா கேட்கவில்லை.

அப்புறம் தொடங்கியது அடுத்த கூத்து. அன்றிரவே எழுதினேன். "கைடு 30 நிமிடம் காத்திருந்தார், நீங்கள் வரவில்லை, வராதவர்களுக்கு ரீஃபண்ட் இல்லை." கடிகாரமும் நாங்களும் தெரிகிற மாதிரி, மணி பத்து என்று தெளிவாக இருக்கும் படத்தை அனுப்பினேன். பதிலே இல்லை. ஞாயிறு காலை வேறொருவர் வந்தார், முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டார். சொன்னேன். "தேதி குறித்த சேவைகளுக்கு 14 நாள் ரத்து உரிமை பொருந்தாது" என்று சட்டம் பேசினார். அந்தச் சட்டம் எனக்கும் தெரியும். நான் ரத்து செய்யவில்லையே ஐயா, நீங்கள் வரவே இல்லையே! அதற்கு, "கைடு எங்கள் ஊழியர் அல்ல, உள்ளூர்ப் பங்குதாரரிடம் கேளுங்கள்" என்றார். பங்குதாரர் யார், முகவரி என்ன? அதைத் தர முடியாதாம். பிறகு, அடுத்த புக்கிங்கில் 15 சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். 236 யூரோவை விழுங்கிவிட்டு, இன்னொரு முறையும் வா என்று கூப்பிடுகிறார்கள். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே "இந்த உரையாடல் தீர்க்கப்பட்டது" என்று சாட் மூடிக்கொண்டது. தொலைபேசி எண்ணை அழைத்தால் அப்படி எண்ணே இல்லை என்கிறது.

அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. தனக்காகச் செலவு செய்து ஏமாந்துவிட்டாள் என்று அவர் நினைக்கிறார். நேற்று அம்மாவிடம், "எனக்கு எதுக்கு கைடு, நான் என்ன சின்னப் பையனா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், முடியவில்லை, கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். பெயர் பொருந்தவில்லை என்று வங்கி சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள், யார் என்ன காரணம் சொன்னாலும் சரி. அதை மீறி அனுப்பினால் வங்கி பொறுப்பேற்காது என்று இன்று காலைதான் எனக்குத் தெளிவாகச் சொன்னார்கள். கார்டு போகவில்லை, டிரான்ஸ்ஃபர் செய் என்றால் ஓடிவிடுங்கள். பேபாலில் நண்பருக்கு அனுப்புவது போல அனுப்பச் சொன்னாலும் அதே கதைதான், அதற்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. ஜெர்மனியில் வியாபாரம் செய்யும் தளம் என்றால் "இம்ப்ரெசும்" (Impressum) என்ற பக்கத்தில் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும், இந்தத் தளத்தில் வெறும் மின்னஞ்சல் படிவம்தான் இருந்தது, நான் அதைப் பார்த்ததே நேற்றுத்தான். ரோத்தன்பர்க்கில் கைடு வேண்டுமென்றால் திடலில் இருக்கும் நகரச் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள். சுவருக்கு யாருக்கும் ஒரு சென்ட் கொடுக்காதீர்கள்.

காவல் துறையில் புகார் கொடுத்தாகிவிட்டது. நுகர்வோர் மையத்துக்கும் எழுதியிருக்கிறேன். வங்கியில் நாளை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். சாட், வவுச்சர், அந்தச் சிவப்பு எழுத்து, கடிகாரப் படம் எல்லாம் சேர்த்துப் பதினேழு பக்கம் அச்செடுத்து வைத்திருக்கிறேன். தானும் கூட வருகிறேன் என்கிறார் அப்பா.