ஓடா, மெட்டல் டெக்கா? பாடாங் செராய் பக்கம் கூரை மாற்றுகிறவர்களுக்கு

கெடாவின் பாடாங் செராயில் பெருங்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, வாசலுக்கு வாசல் ஒரே பேச்சுதான்: ஓடு போடலாமா, மெட்டல் டெக் எனப்படும் வண்ண எஃகுத் தகடு போடலாமா? ஒருவர் விலையைச் சொல்வார், இன்னொருவர் வெக்கையைச் சொல்வார். அந்தக் கூரை வீட்டோடு எதனால் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை முதலில் கேட்கவேண்டியது அதுதான். காற்றுக் காலத்தில் ஓட்டுக்கும் தகட்டுக்கும் உள்ள வித்தியாசமே அதில்தான் அடங்கியிருக்கிறது.

மார்ச் இறுதி முதல் மே வரை, பிறகு செப்டம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் தொடக்கம் வரை பருவ மாற்றக் காலம். காலை முழுக்க வெயில் கொளுத்தும். மாலையில் இடியும் காற்றும் சேர்ந்து வரும். இது கெடாவுக்குப் புதிதல்ல. மாறியிருப்பது நிலம். 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா வந்த பிறகு, பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத்தில் கித்தாத் தோட்டமும் செம்பனைத் தோட்டமும் இருந்த நிலத்தில் தாமான் (வீடமைப்புப் பகுதி) மேல் தாமானாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. மரங்கள் அடர்ந்து நிற்கும்போது தரையோரக் காற்று தடுக்கப்பட்டு வேகம் குறையும். மரத்தை வெட்டி மண்ணைச் சமன்படுத்திய வெட்டவெளியின் ஓரத்தில் இருக்கும் முதல் வரிசை வீடுகளுக்கு அந்தத் தடுப்பு கிடையாது. பழைய லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, போதுமாக இருந்த ஆணி, இன்று அதே இடத்தில் போதாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான மலேசியத் தரநிலை எம்.எஸ். 1553, நாட்டை இரண்டு காற்று மண்டலங்களாகப் பிரிக்கிறது. அதில் கூடுதலான அடிப்படை வேகம் வினாடிக்கு 33.5 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வரும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமம். காற்று கூரையை அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதுதான் அதிகம். அந்த உறிஞ்சல் இறவாணத்திலும் முகட்டிலும் மூலைகளிலும் கடுமையாக இருக்கும். கான்கிரீட் ஓடு ஒன்று நான்கு கிலோவுக்கு மேல்; ஒரு சதுர மீட்டருக்குப் பத்து ஓடு என்றால் 45 கிலோ வரை வரும். மெட்டல் டெக் அதே பரப்பில் ஐந்து கிலோகூடத் தேறாது. ஓடு பெரும்பாலும் தன் எடையால் உட்கார்ந்திருக்கிறது. தகடு முழுக்க முழுக்கத் திருகாணியை நம்பி இருக்கிறது.

இனி ஒவ்வொன்றாக. சாதாரண ஜிங்க், அதாவது துத்தநாகம் பூசிய மெல்லிய தகடு, மலிவு; கிடைப்பதும் சுலபம். தோட்டத்துப் பழைய வீடுகளிலும் கம்பத்து வீடுகளிலும் இன்னும் அதுதான். காற்றில் பறந்த ஜிங்க் தகட்டைக் குப்பை லோரியில் ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் புரட்டிப் பாருங்கள். ஆணித் துளை நீள்வட்டமாகக் கிழிந்திருந்தால், தகடு மெல்லியது. ஆணியின் தலையைத் தாண்டிப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. துளை வட்டமாகவே இருந்து, ஆணியும் அதிலேயே தொங்கினால், மரம் ஆணியைப் பிடித்திருக்கவில்லை; வழவழப்பான ஆணி வருடக்கணக்கான வெயிலிலும் மழையிலும் தளர்ந்து உருவிக்கொண்டது. தகட்டோடு, அது அறையப்பட்டிருந்த குறுக்குச் சட்டமும் சேர்ந்தே வந்திருந்தால், பிழை தகட்டிலும் இல்லை, ஆணியிலும் இல்லை. சட்டத்தைக் கைமரத்தோடு, அதாவது கூரையைத் தாங்கும் சாய்ந்த மரத்தோடு, யாரும் சரியாகப் பிணைக்கவில்லை. இந்த மூன்றாவது வகைக்கு எவ்வளவு விலை உயர்ந்த தகடு வாங்கிப் போட்டாலும் பயனில்லை. அடுத்த காற்றில் அதுவும் சட்டத்தோடு போகும்.

மெட்டல் டெக் அதே குடும்பத்தில் பெரியவன். துத்தநாகமும் அலுமினியமும் கலந்த பூச்சின்மேல் வண்ணம் ஏற்றிய எஃகுத் தகடு. முகட்டிலிருந்து இறவாணம் வரை ஒரே நீளமாக வெட்டி வாங்கலாம் என்பதால் இடையில் ஒட்டு இல்லை, ஒழுகும் இடமும் குறைவு. சாய்வு குறைந்த சமையலறை நீட்டிப்புக்கு ஓடு சரிப்படாது, இது சரிப்படும். மழைச் சத்தமும் வெக்கையும்தான் இதன் குறை. கீழே பாறைக்கம்பளிப் பொதிப்பும் பளபளப்புத் தாளும் சேர்த்துப் போட்டால் இரண்டும் வெகுவாகக் குறையும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கவேண்டாம். வாங்கும்போது தடிமனைக் கவனியுங்கள். கடையில் 0.48 மி.மீ. என்று சொல்வது பூச்சையும் சேர்த்த கணக்காக இருக்கலாம். அப்படியானால் உள்ளே இருக்கும் எஃகு 0.42 மி.மீ.தான். அதுவே வீட்டுக்குப் போதும். 0.48 என்ற விலையில் 0.30 தகட்டைத் தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: கூரைமேலேயே கிரைண்டரால் தகட்டை வெட்டும் ஆளை உடனே நிறுத்துங்கள். வெட்டிய விளிம்பில் பூச்சு கருகுகிறது. தெறிக்கும் இரும்புத்தூள் படிந்த இடமெல்லாம் சில வாரங்களில் பழுப்புப் புள்ளிகளாகத் துருப்பிடிக்கும்.

கான்கிரீட் ஓட்டின் பலம் அதன் எடை, பலவீனமும் அதுவே. மழை பெய்தால் வீட்டுக்குள் பேச்சுக் கேட்கும், பகல் சூடு மெதுவாகத்தான் இறங்கும், ஒன்று உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். தாமான் வரிசை வீடுகளில் பலவற்றில் இருப்பது இதுதான். காற்றில் இது எப்போதும் ஓரத்திலிருந்தே கழல ஆரம்பிக்கும். முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் சிமெண்டுக் கலவை வெயிலில் வெடித்திருக்கும். முதலில் அது போகும், பிறகு அதன் கீழ் வரிசை. பல வீடுகளில் நடுப்பகுதி ஓடுகள் ஆணி இல்லாமல் வெறுமனே மாட்டியே கிடக்கின்றன. ஓரத்து வரிசைகள், முகட்டை ஒட்டிய வரிசை, மூலைகள் ஆகியவற்றையாவது ஒவ்வொன்றாக ஆணியடித்தோ கவ்வி போட்டோ பிணைத்துவிட்டால், புதுக்கூரைச் செலவில் ஒரு சிறு பங்கில் காரியம் முடியும். சட்டத்தில் கறையான் இல்லாத, இருபது வருடங்களைத் தாண்டாத ஓட்டு வீட்டில் கூரையையே மாற்றுவது வீண் செலவு என்பேன்.

இப்போது நான் மிகவும் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். ஓட்டை இறக்கிவிட்டு, பழைய சட்டத்தின் மேலேயே மெட்டல் டெக் போடுவது இங்கே சர்வசாதாரணமாக நடக்கிறது. ‘எடை குறைகிறது, வீட்டுக்கு நல்லதுதானே’ என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் வரிசையில் ஒரு பெரியவரிடம், கைமரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டச் சொன்னேன். ‘பட்டை எதற்குத் தம்பி? இத்தனை வருடம் ஒரு கட்டும் இல்லாமல் நின்ற கூரைதானே’ என்றார். நின்றது உண்மை. 60 சதுர மீட்டர் கூரையில் ஏறத்தாழ 2,700 கிலோ ஓடு அதை அமுக்கிப் பிடித்திருந்தது. ஓட்டை இறக்கித் தகடு போட்டதும் அந்த இடத்தில் இருப்பது 300 கிலோதான். கைமரம் சுவரில் வெறுமனே உட்கார்ந்திருந்தால், இனி காற்று அந்தச் சட்டத்தையே தகட்டோடு தூக்கும். தகடு மாற்றும் வேலையில் பட்டையும் போல்ட்டும் சேராவிட்டால், ஓட்டையே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு: ஜிங்க்குக்கென்று கட்டிய மெல்லிய சட்டத்தின்மேல் ஓட்டை ஏற்றினால், சட்டம் தொய்ந்து இறங்கிவிடும்.

பழைய தோட்ட வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால், அதை மேலே சொன்ன எதனோடும் ஒப்பிடவேண்டியதில்லை, அது போகவேண்டியதுதான். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடைக்காமல், துளையிடாமல், நனைத்து, முழுத் தகடாக இறக்கும் பயிற்சி உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் வீட்டில் இருக்கக்கூடாது. தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு என்றால், தொழிலாளர் குடியிருப்புக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 446-இன்படி வீட்டைப் பேணும் கடமை முதலாளிக்கு உண்டு. நீங்களே ஏறிப் பிரிக்கவேண்டாம்.

வாசல் போர்ச் தனிக் கவனம் கேட்கிறது. மூன்று பக்கமும் திறந்த கொட்டகையில் காற்று அடியில் புகுந்து தூக்கும், மேலேயிருந்தும் உறிஞ்சும்; காற்றுக்கு எதிரே பிடித்த குடை மாதிரி. வீட்டுக் கூரை தப்பி, போர்ச் மட்டும் பறந்த வீடுகள் எத்தனையோ. அதன் தூண்கள் தரையில் வெறும் நான்கு போல்ட்டில் நிற்கின்றனவா, கான்கிரீட்டில் புதைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் தீக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவர்கள், புயல் சேதம் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். அடிப்படைத் தீக் காப்புறுதியில் அது வராது.

என் தேர்வு இது. தனி வீடு, பழைய ஜிங்க் கூரை என்றால் சட்டத்தைச் சரிசெய்து மெட்டல் டெக். தாமான் வரிசை வீடு, நல்ல சட்டம் என்றால் இருக்கிற ஓட்டையே ஓரங்களில் பிணைத்து வைத்துக்கொள்வது. எதுவானாலும், விலைப்பட்டியலில் எஃகின் தடிமன், ரப்பர் வாஷர் உள்ள திருகாணி, ஓரங்களில் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு திருகாணி, ஒவ்வொரு கைமரத்துக்கும் இரும்புப் பட்டை ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். சீலிங்கை மூடுவதற்கு முன் அந்தப் பட்டைகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுக்கலாம்.